தக்காளி வாடல்: மூன்றாவது முறை செடி நிற்கிறது

நட்டு 58 நாள் ஆகிறது. பிகேஎம் 1 ரகத் தக்காளியில் 40 செடிக்கு 37 நிற்கின்றன, முதல் கொத்தில் காய் பிடித்துவிட்டது. போன பட்டத்தில் இதே பாத்தியில் இந்நேரம் மிஞ்சியது 16தான்.

மண்ணிலிருக்கும் பூஞ்சையால் வரும் ஃபியூசேரியம் வாடல் என்று அப்போதே உறுதி செய்துகொண்டேன். அடியிலை ஒரு பக்கமாக மஞ்சளானது, தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு. வெட்டிய தண்டை டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டும் பால்போல எதுவும் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் பாக்டீரியா வாடல், வைத்தியமே வேறு.

முதல் முறை, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடி தூளைக் காய்ந்த மண்ணில் அப்படியே தூவினேன். தின்ன மக்கு இல்லாமல் அது பெருகவில்லை. அடுத்த முறை தொழு உரத்தில் கலந்தேன், தண்ணீர் கூடிப்போய் நாலாம் நாளே புளித்த வாடை.

சூட்சுமம் ஈரத்தில்தான் இருக்கிறது. இந்த முறை மக்கிய தொழு உரம் 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ, தூள் அரை கிலோ. தண்ணீரை ஊற்றவே இல்லை, கையால் தெளித்துத் தெளித்துப் புரட்டினேன். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது, கட்டை விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வரவே ஒரு மணி நேரம் ஆயிற்று. வேப்பமர நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி, மூன்று நாளைக்கு ஒருமுறை புரட்டினேன். பத்தாம் நாள் சாக்கைத் தூக்கினால் வெள்ளை நூல் படர்ந்து, அதன்மேல் பாசிப்பச்சைப் பொடி! அவ்வளவு சந்தோஷம். 15ஆம் நாள் குழிக்கு ஒரு கிலோ வைத்தேன். நாற்றின் வேரை லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) கரைசலில் அரை மணி நேரம் நனைத்துத்தான் நட்டேன்.

தூள் வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். போன முறை ஒரு கடையில் தேதி அழிந்த பாக்கெட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில்தான் வாங்குகிறேன்.

அடுத்து சுண்டைக்காய்ச் செடியின் வேர்ப்பகுதியில் தக்காளியை ஒட்டுக் கட்டிப் பார்க்கப் போகிறேன். விதை ஊறப் போட்டாயிற்று.

செத்த மூன்றையும் வேரோடு பிடுங்கி எரித்தேன். மற்றதுக்குக் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். ஊற்றினால் பாடுபட்டு வளர்த்த பூஞ்சையும் சேர்ந்து சாகும். மிச்சமிருக்கிற 15 கிலோ கலவையைச் சனிக்கிழமை தூரில் வைத்து மண் அணைக்கிறேன்.