கறுப்பினப் பெண்ணிய நூல்களைத் தேர்வுக்குப் படிப்பது எப்படி?

முதுகலை ஆங்கில இலக்கியத் தேர்வுக்கும் நெட் தேர்வுக்கும் கறுப்பினப் பெண்ணியத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கலைச்சொற்களின் வரையறைகளிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அந்நூல்கள் எதிர்கொண்ட நிகழ்வுகளிலிருந்து தொடங்கினேன். அதையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். இவை பெரும்பாலும் மறுப்புரைகளாகப் பிறந்தவை என்பதால், எதை மறுக்கிறார்கள் என்று தெரியாமல் படித்தால் வாதத்தின் கூர்மை பிடிபடாது.

இன்டர்செக்‌ஷனாலிட்டி (இனம், பால் போன்ற பாகுபாடுகள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுவது) என்ற கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கு வருகிறது. 1964க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பின்னர் பணிமூப்பின்படி ஆட்குறைப்பு நடந்தபோது, 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலையிழந்தார்கள். வெள்ளையினப் பெண்கள் வேலையில் இருந்ததால் பால் பாகுபாடு இல்லை என்றும், இனம், பால் இரண்டையும் இணைத்து ஒரே முறையீடாக ஏற்க இயலாது என்றும் 1976இல் நீதிமன்றம் கூறிவிட்டது. இந்த வழக்கை நான்கு வரிகளில் எழுதத் தெரிந்தவருக்கு வரையறையை மனப்பாடம் செய்யும் தேவையே இராது.

பெல் ஹூக்ஸ் 1981இல் வெளியிட்ட 'ஐன்ட் ஐ எ வுமன்' ('நான் பெண் இல்லையா?') நூலைத் தொடும் முன், அடிமைத்தளையிலிருந்து மீண்டு அடிமை ஒழிப்புக்காகப் பேசிய சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஓஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் ஆற்றிய உரையின் இரு வடிவங்களையும் படியுங்கள். அதே ஆண்டு வார இதழில் வந்த பதிவில், ஹூக்ஸின் நூலுக்குத் தலைப்பான அந்தப் புகழ்பெற்ற கேள்வி இல்லை. 1863இல் பெண்ணுரிமையாளர் பிரான்சிஸ் கேஜ் வெளியிட்ட வடிவத்தில்தான் அது, தென்மாநிலப் பேச்சுவழக்கில், திரும்பத் திரும்ப வருகிறது. ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசி வளர்ந்தவர். ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலை யார் எழுதிவைக்கிறார்கள் என்ற வினா இந்தப் பாடம் முழுவதிலும் ஓடுவதால், விரிவான விடைகளில் இதற்கு இடம் கொடுங்கள்.

கோம்பாஹி ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்ணியக் குழுவின் 1977 அறிக்கை சிறியது, ஆனால் தவிர்க்கக் கூடாதது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஹாரியட் டப்மன், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்த தாக்குதல் நடந்த ஆற்றின் பெயரையே அக்குழு சூட்டிக்கொண்டது. ஆஞ்செலா டேவிஸின் 'விமன், ரேஸ் அண்ட் கிளாஸ்' நூலில், அடிமைப் பெண்களின் உழைப்பைப் பேசும் முதல் இயலை நிதானமாகப் படித்தால் மற்றவை எளிதில் விளங்கும்.

கால வரிசைக் கேள்விகளுக்கு, டேவிஸும் ஹூக்ஸும் 1981, ஆலிஸ் வாக்கரின் கட்டுரைத் தொகுப்பு 1983, ஆட்ரி லார்டின் 'சிஸ்டர் அவுட்சைடர்' 1984, பட்ரீசியா ஹில் காலின்ஸின் 'பிளாக் ஃபெமினிஸ்ட் தாட்' 1990 என்று நினைவில் வைத்தால் போதும். லார்டின் கட்டுரைகளை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அவற்றுள் பல மேடையில் பேசப்பட்டவை.