வினைமுற்றில் இருக்கிறது நடை

தனி நடை வேண்டும் என்று கிளம்புகிற புதுக் கதாசிரியர்கள் முதலில் கைவைப்பது உவமையில். அது சலித்ததும் வட்டாரச் சொல்லுக்குப் போவார்கள். இரண்டும் மேல்பூச்சு. தமிழ் உரைநடையில் எழுதுகிறவரின் குரல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் இருக்கிறது: வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றிலும், அதோடு சேர்ந்து வரும் 'விடு', 'தொலை' போன்ற துணைவினையிலும்.

சோதித்துப் பார்க்கப் பேனா போதும். உங்கள் கதையில் 300 சொல் அளவுக்கு ஒரு பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட்டவற்றை மட்டும் மேலிருந்து கீழே வாய்விட்டுப் படியுங்கள். திறந்தான், பார்த்தான், நடந்தான், உட்கார்ந்தான் என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வந்தால், அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அடுத்து 'அவன்', 'அவள்', 'தனது', 'ஒரு' எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். வந்தது ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதை வினைமுற்றே சொல்லிவிடுகிறபோது 'அவன்' எதற்கு? ஆள் மாறும் இடத்திலும் அழுத்தம் வேண்டிய இடத்திலும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். வட்டமிட்டவற்றில் பாதிக்கு மேல் அடித்துவிடலாம், ஒன்றும் குறையாது.

ஒரு மாதிரி பார்ப்போம்.

'அவன் மெதுவாகக் கதவைத் திறந்தான். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவனுடைய அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் தனது செருப்பைக் கழற்றினான்.'

பிழை எதுவும் இல்லை. சொல்கிற ஆளும் இல்லை. இதையே சுருக்கிச் சொல்பவர்: 'கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். அம்மா நல்ல தூக்கம். செருப்பை வாசலிலேயே கழற்றினான்.' தெருத் திண்ணையில் உட்கார்ந்து சொல்பவர்: 'கதவு திறந்த சத்தமே கேட்கவில்லையாம். எட்டிப் பார்த்திருக்கிறான், அம்மா தூக்கம். செருப்பைக்கூட வாசலிலேயே விட்டிருக்கிறான் என்றால் பாருங்களேன்.' மூன்றாமவர்: 'தாழ்ப்பாள் முனகாமல் தூக்கிப் பிடித்துத் திறந்து, அம்மா தூங்குவதைப் பார்த்த பிறகுதான், செருப்பு இன்னும் காலில் இருப்பது அவனுக்கு உறைத்தது.'

இரண்டாவது ஆளை உருவாக்கியது என்ன? '-ஆம்', '-இருக்கிறான்' இரண்டும்தான். தான் பார்க்காததை, கேள்விப்பட்டதாகவும் ஊகித்ததாகவும் சொல்கிற வடிவங்கள் அவை. 'போலிருக்கிறது' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கதைசொல்லி சம்பவத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை நிர்ணயிக்க இவ்வளவு சிக்கனமான கருவி கையில் இருக்க, பலர் 'நடந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள்' என்று பத்தி பத்தியாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

துணைவினை இதைவிட வேகமானது. மாப்பிள்ளை வந்தான், வந்துவிட்டான், வந்து சேர்ந்தான், வந்து தொலைத்தான், வந்து நின்றான். நடந்தது ஒன்றுதான், சொல்கிறவரின் மனநிலை ஐந்து. 'வந்து தொலைத்தான்' என்று எழுதிய பிறகு 'எரிச்சலுடன்' தேவையில்லை. ஆனால் எல்லா வினைக்கும் 'விட்டான்' ஒட்டுகிற பழக்கமும் உண்டு. பக்கத்துக்கு மூன்று, நான்கைத் தாண்டினால் அதன் காரம் போய்விடும். கைபேசியில் எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விசைப்பலகை நீட்டுகிற அடுத்த சொல், எல்லாரும் எழுதுகிற அடுத்த சொல்.

வட்டார வழக்குக்கு வருவோம். உரையாடலுக்கு ஒரு 'ஏலே' தூவினால் நெல்லை ஆகாது, 'இன்னா' போட்டால் சென்னை ஆகாது. உறவுமுறையில் தவறினால் ஊர்க்காரர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கொங்குப் பக்கத்துக் கதையில் அம்மாவின் அப்பா அப்புச்சி. அவரைத் 'தாத்தா' என்று கூப்பிடவைத்துவிட்டு வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' சேர்த்துப் பயனில்லை. வசவு, சத்தியம் செய்யும் விதம், அளவுகள், தொழிற்சொற்கள் இவற்றில்தான் ஊர் இருக்கிறது. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தன் கரிசல் வட்டாரத்துக்கென்று தனிச் சொல்லகராதியே தொகுத்தார், 1982-இல். அவ்வளவு செய்ய வேண்டாம். 50 சொற்கள் கொண்ட ஒரு நோட்டாவது இருக்கட்டும்.

காது பழக ஒரு வழி: வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் ஏதாவது சம்பவம் சொல்வதைப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். எதையும் திருத்தாமல், திரும்பத் திரும்பச் சொன்னதையும் விடாமல் எழுத்தில் கொண்டுவாருங்கள். பழைய கதையைச் சொல்லும்போது உச்சத்தில் 'வர்றான், பாக்குறான், ஆளக் காணோம்' என்று நிகழ்காலத்துக்குத் தாவுவதைக் கவனிக்கலாம். எந்த இடத்தில் தாவுகிறார், எங்கே திரும்பி இறங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அச்சில் அதை அப்படியே போட்டால் மூன்று பக்கத்தில் வாசகருக்குச் சலித்துவிடும். தாவும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டார வழக்கு இல்லாமலே தனி நடை முடியுமா என்றால், எழுத்தாளர் அசோகமித்திரன் போதும் பதிலாக. சாதாரணச் சொல், குட்டி வாக்கியம், குரலை உயர்த்தாத சொல்முறை. பார்க்க எளிது என்பதால் அவரைப் போலச் செய்யப் போய் வறண்டவர்கள் நிறைய. குட்டி வாக்கியத்தில் எதைச் சொல்லாமல் விடுவது என்ற தேர்வுதான் வேலை முழுக்க. பிடித்த எழுத்தாளரை ஒரே மூச்சில் நான்கு புத்தகம் படித்தால் அவருடைய வாக்கிய முடிவுகள் உங்கள் கைக்கு வந்துவிடும். அந்த வாரம் எழுதியதை இரண்டு வாரம் கிடப்பில் போட்டு எடுத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டது எது என்று தெரியும்.

நடை உடைவது பெரும்பாலும் கசிவினால். எழுத்துத் தமிழில் ஓடிய கதைசொல்லி ஆறாம் பக்கத்தில் காரணமில்லாமல் 'சொல்லிட்டு' என்பார். உரையாடலில் ஒரே கிழவி 'வந்துட்டான்', 'வந்திட்டான்', 'வந்து விட்டான்' மூன்றும் பேசுவாள். எழுத ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் முடிவு செய்யுங்கள்: கதைசொல்லி எந்தத் தமிழ், ஒவ்வொரு பாத்திரமும் '-விட்டு', '-என்று', '-கிறது' மூன்றையும் எப்படி உச்சரிக்கும். பத்து வரிக்குள் அடங்கிவிடும். பத்திரிகைக்கு அனுப்பும்போது அந்தத் தாளையும் இணைத்து, இந்த வடிவங்கள் வேண்டுமென்றே எழுதியவை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவர் நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் 'வந்துவிட்டான்' ஆக்கிவைப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.