அம்மம்மாவின் உறுதி

கச்சேரிக்குக் கிட்ட போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். காணி உறுதிகள் வராத நாள் இல்லை. அலுமாரியில் இருந்த உறுதி எது, சண்டைக்குள் ஓடித் திரிந்த உறுதி எது என்று பார்த்ததுமே சொல்லிவிடுவேன். இரண்டாவது சாதியை பொலித்தீன் பையில் நாலாய் மடித்துக் கொண்டு வருவார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்துத் தேய்ந்திருக்கும். மெல்ல விரித்து, கறுப்பைக் கொஞ்சம் கூட்டி எடுத்தால்தான் எல்லை விபரம் விழும்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய வளவு.

அம்மம்மாவின் உறுதியும் அந்தச் சாதிதான். ஊர் திருகோணமலைப் பக்கம் சம்பூர். 2006இல் சண்டைக்குப் பயந்து ஓடினார்கள். 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயம், சனம் திரும்பிப் போக முடியாது என்று வர்த்தமானி வந்தது. பிறகு இந்தியாவோடு சேர்ந்து அங்கே 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். அம்மம்மா கட்டைபறிச்சான் முகாமில், தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருந்தா. வேறு இடத்தில் காணி தருகிறோம் என்று ஒருவர் படிவத்தோடு வந்தாராம். "தம்பி, நீங்க தாற காணியில என்ட கிணறு இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறா. அவர் படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இதை அம்மம்மாவின் பிடிவாதம் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். அமெரிக்கப் பழங்குடிகளான லகோட்டா மக்களின் கதையை வாசித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. கருங்குன்றுகள் என்ற மலைப்பகுதி அவர்களுக்கே என்று 1868இல் அமெரிக்கா ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. 1874இல் அங்கே தங்கம் கண்டார்கள். 1877இல் குன்றுகளை எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது பிழை, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடு என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த மக்கள் வாங்கவில்லை. குன்று விற்பனைக்கில்லை என்று விட்டார்கள். தொடாத காசு குட்டி போட்டு 100 கோடியைத் தாண்டிவிட்டது. அவர்கள் ஒன்றும் பணக்காரர் இல்லை, வறுமையில் கிடப்பவர்கள்தான்.

சரி, சம்பூருக்கு வருகிறேன். 2015இல் 818 ஏக்கரை விடுவித்தார்கள், அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். அனல்மின் நிலையமும் 2016இல் கைவிடப்பட்டது. அம்மம்மாவோடு நானும் போனேன். உறுதியில் இருந்த எல்லைகளில் ஒன்றுகூட நிலத்தில் இல்லை. ஒழுங்கையும் இல்லை, வேலியும் இல்லை, பற்றைதான். அம்மம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவித் தடவி நடந்தா. ஓரிடத்தில் நின்று குதிக்காலால் குத்தினா. சீமெந்துச் சத்தம். கிணற்றடி.

போன கிழமை இன்னொன்று வாசித்துக் காட்டினேன். கலிபோர்னியாவில் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் 1912இல் கடற்கரையில் காணி வாங்கி, கறுப்பினத்தவர் குளிக்க வந்து தங்க இடம் நடத்தினா. 1924இல் பூங்காவுக்கென்று நகரசபை பறித்தது. பூங்காவோ பல வருடம் வரவேயில்லை. 2022இல் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே அவர்கள் அதை 2 கோடி டாலருக்கு, திருப்பிக் கொடுத்த மாவட்ட நிர்வாகத்துக்கே விற்றுவிட்டார்கள்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. அம்மம்மாவும் திட்டுவா என்று பார்த்தேன்.

"வித்த உறுதியில கையெழுத்து வச்சது ஆர்?"

"வாரிசுகள்தான்."

"பிறகென்ன?" என்றுவிட்டு, கிணறு இறைக்கிற பெடியன் வந்துவிட்டானா என்று படலையடிக்குப் போய்விட்டா.