மருந்தாளுநர் சங்கத்தில் செயலாளராக ஓர் ஆண்டு

மருத்துவமனை மருந்தகத்தில் இரவுப் பணி என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். டாக்டருக்கு மூத்த டாக்டர் இருப்பார், செவிலியருக்கு வார்டில் துணை இருக்கும். மருந்தாளுநருக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க அருகில் யாரும் இருப்பதில்லை. சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கள் வட்டார மருத்துவமனை மருந்தாளுநர் சங்கத்துக்குக் கடந்த ஆண்டு நான் செயலாளர். பொதுக்குழு, வரவுசெலவுக் கணக்கு, சந்தா பாக்கி எல்லாம் எந்தச் சங்கத்திலும் உள்ளவைதான். மாதக் கூட்டத்தில் நாங்கள் செய்த ஒரு சிறிய மாற்றத்தைத்தான் பெரிதாகக் கருதுகிறேன். கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை, நோயாளியைச் சென்றடையும் முன் பிடிபட்ட பிழைகளைப் பேச ஒதுக்கினோம். மருத்துவமனையின் பெயரோ, மருந்துச் சீட்டு எழுதியவர் பெயரோ, நோயாளியின் பெயரோ வரக்கூடாது. நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பிழையைச் சொன்னால் பழி வரும் என்றே பழகியவர்கள் நாங்கள். பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து மெத்தோட்ரெக்சேட் பற்றிச் சொன்னார். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் கொடுக்கப்படும் மாத்திரை அது. வீடு திரும்பும் நோயாளியின் சீட்டில் மற்ற மருந்துகளோடு சேர்ந்து அதுவும் ‘தினமும்’ என்று எழுதப்பட்டுவிட்டது. அவரை உறுத்தியது எண்ணிக்கைதான். வாரம் ஒருநாள் சாப்பிட வேண்டிய மருந்துக்கு முப்பது நாள் கணக்கு எதற்கு? வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டார். முதலில் எரிச்சலான பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் சீட்டு திருத்தப்பட்டு வந்தது. அதைத் தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், வெள்ளணுக்கள் சரியும், உயிரே போகலாம்.

அவர் உட்காரும் முன்பே வேறு இரண்டு பேர், “எங்களிடமும் இப்படி ஒன்று வந்தது” என்றார்கள். தனித்தனி அறைகளில் தனித்தனியாகப் பிடித்த ஒரே பிழை! அன்றே ஒரு பொது நடைமுறை முடிவானது: எந்த நோய்க்கு என்று உறுதி செய்யாமல் இந்த மருந்தைக் கொடுப்பதில்லை, வாரம் ஒருமுறை என்றால் உறையில் கிழமையை எழுதாமல் கொடுப்பதில்லை, ஒரு தடவைக்கு நான்கு வாரத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

அதன்பின் மடை திறந்தது. புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் வின்கிறிஸ்டின் பற்றிப் பேசினார். இரத்தக்குழாய் வழியாக மட்டுமே செலுத்த வேண்டிய மருந்து. தவறிப்போய்த் தண்டுவடத்தில் செலுத்திவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. தண்டுவட ஊசியோடு மாறிப்போகாதபடி, அதைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கலந்து தருமாறு உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது. இன்னும் சிரிஞ்சிலேயே அனுப்பிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர், அந்தக் கூட்டத்தின் குறிப்பைத் தம் மேலதிகாரியிடம் காட்டிப் பேசி, நடைமுறையை மாற்ற வைத்தார். தனி ஆளாகப் போய்ச் சொல்லியிருந்தால் காது கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆண்டின் நடுவில் சில ஊசி மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. யாரிடம் என்ன கையிருப்பு என்று உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினோம். முறையான கடிதத்தோடு கடனாக வாங்கினோம், திருப்பிக் கொடுத்தோம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துகளை அனுப்பும்போது, பனிக்கட்டிப் பொதிக்கும் குப்பிக்கும் இடையே தடித்த துணி வைக்க வேண்டும் என்று இளையவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னோம். வெப்பத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், உறைவதை மறந்துவிடுகிறார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்வைக்கு எப்படி இருந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் நாள். பன்னாட்டு மருந்தியல் கூட்டமைப்பு 1912இல் உருவான நாள் அது. கேடயம், பொன்னாடை வேண்டாம் என்று முடிவெடுத்து, வெளிநோயாளிகள் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். “வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் எடுத்து வாருங்கள்” என்று முன்பே அறிவித்திருந்தோம். ஒரு பெரியவர் பையைக் கவிழ்த்தபோது காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடல்வலிக்கு ஒன்று என மூன்று பெயர்களில் பட்டைகள் விழுந்தன. மூன்றிலும் பாராசிட்டமால். “ஐயா, இது மூன்றும் ஒரே மருந்து” என்று சொல்லிப் பட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்தைக் காட்டியபோது, அவர் மகள் தாளை வாங்கித் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அந்த நாளை இனி இப்படித்தான் கொண்டாட வேண்டும்.

நவம்பரில் நுண்ணுயிர் எதிர்ப்பு, அதாவது கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது பற்றிய விழிப்புணர்வு வாரத்துக்குச் சுவரொட்டி ஒட்டினோம். அது போதாது என்பது என் கருத்து. சுவரொட்டியைப் பார்த்து எந்த டாக்டரும் மருந்தை மாற்றி எழுதுவதில்லை; வார்டுச் சுற்றில் மருந்தாளுநரும் உடன் நடந்தால்தான் மாறும்.

மாதக் கூட்டத்துக்கு வரும் நேரத்தைப் பணி நேரமாகக் கருத வேண்டும் என்று எல்லா நிர்வாகங்களுக்கும் கடிதம் எழுதினோம். சில நிர்வாகங்கள் ஒப்புக்கொண்டன. மற்ற இடங்களில் உறுப்பினர்கள் இன்னும் சொந்த விடுப்பில்தான் வருகிறார்கள். பொறுப்பைப் புதிய செயலாளரிடம் கொடுத்தபோது அந்தக் கடிதக் கோப்பையும் சேர்த்தே கொடுத்தேன். அடுத்த கூட்டத்தின் முதல் பொருள், குழந்தைகளுக்கான மருந்தளவை இரவுப் பணியில் இரண்டாவதாகச் சரிபார்ப்பது யார் என்பது.