பூட்டியிருந்த ஏழு வீடுகள்

பொது சுகாதார முதுகலைப் படிப்பில் சேர்ந்து ஓராண்டு முடிந்துவிட்டது. இதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் டெங்கு காய்ச்சலோடு வரும் பிள்ளைகளால் கட்டில்கள் நிரம்பிவிடும். தட்டணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரின் அளவு, கை கால் சில்லிட்டிருக்கிறதா, வயிறு வலிக்கிறதா என்று மணிக்கொரு முறை பார்த்துக் குறித்துவைப்பது என் பணி. குணமாக்கி அனுப்பிய ஒரு சிறுமியின் தம்பி, மறு வாரமே அதே காய்ச்சலோடு அவள் படுத்திருந்த அதே கட்டிலுக்கு வந்து சேர்ந்த அன்றுதான், இந்த நோய் புறப்படும் இடத்தை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தது அதன் பிறகுதான்.

பள்ளியில் பின்னங்கள் படித்தபோது மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மருத்துவமனையில் இருந்தவரை எனக்குத் தொகுதி மட்டுமே தெரிந்திருந்தது: இன்று எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பது. அந்தப் பிள்ளைகள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள், அங்கே மொத்தம் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், காய்ச்சல் கண்டும் வராதவர்கள் யார் என்ற கேள்விகள் வார்டுக்குள் எழுவதே இல்லை. முதல் பருவத்தில், ஒரு நோய் யாருக்கு, எங்கே, எவ்வளவு வருகிறது என்று ஆராயும் கொள்ளைநோயியல் வகுப்பு முழுவதும் இந்தக் கீழ் எண்ணைப் பற்றித்தான் இருந்தது. உயிரிப் புள்ளியியல் என்னை மிகவும் வருத்தியது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அதைக் கடந்துவிடுகிறேன். கீழ் எண்ணின் பொருளை நான் உண்மையில் கற்றது களத்தில்தான்.

இரண்டாம் பருவத்தில், நகரத்தை ஒட்டிய ஒரு ஊராட்சியில் கொசுப்புழுக் கணக்கெடுப்புக்கு எங்களை அனுப்பினார்கள். நூறு வீடுகளைப் பார்த்தால் எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. தண்ணீர் உள்ள நூறு பாத்திரங்களில் எத்தனையில் இருந்தது என்பது கொள்கலக் குறியீடு. நூறு வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது பிரேட்டோ குறியீடு. சொல்வதற்கு எளியவை, எடுப்பதற்குக் குனிந்து நிமிர வேண்டும். வீட்டுக்கு வீடு சென்று கொசுப்புழு ஒழிப்பில் ஈடுபடும் பணியாளர் அக்கா ஒருவர் எங்களுடன் வந்தார். டிரம்மின் மேல் நிழல் விழுந்தவுடன் புழுக்கள் நெளிந்துகொண்டு அடிக்குப் போய்விடும், அதனால் சட்டென்று குனிந்து பார்க்காமல் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் அவர்தான். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கொல்லையில் கிடந்த உடைந்த ஆட்டுக்கல்லின் குழி, மாடியில் போட்ட டயர் என்று நான் ஒருபோதும் எட்டிப் பார்த்திராத இடங்களிலெல்லாம் அவர் கண் போயிற்று.

எனக்கு ஒதுக்கிய பட்டியலில் முப்பது வீடுகள் இருந்தன. அவற்றுள் ஏழு வீடுகள் பூட்டியிருந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்ததால், ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதி முப்பதையும் நிறைவு செய்து கொடுத்துவிட்டேன். தாள்களைப் புரட்டிய ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பூட்டியிருந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. செய்தது தவறு என்பது அந்தக் கணமே புரிந்துவிட்டது. எவ்வளவு பெரிய தவறு என்பது மறுநாள் மாலை ஏழு மணிக்கு அந்த வீடுகளுக்குத் திரும்பிப் போனபோதுதான் தெரிந்தது.

அந்த ஏழு வீடுகளில் ஆறு, கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறவர்களுடையவை. பகலில் குழாயில் தண்ணீர் வந்தாலும் பிடிக்க ஆள் இல்லாத வீடுகள். லாரி வரும் நாளில் யாராவது ஒருவர் வேலையை விட்டுவிட்டு நின்று, இருக்கிற டிரம், குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டியவர்கள். பகலில் பார்த்த வீடுகளில் தண்ணீர் அன்றாடம் வந்து அன்றாடம் தீர்ந்துகொண்டிருந்தது. இங்கே அது நாள்கணக்கில் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு நீல டிரம்மின் உள்சுவரைப் பார்த்தேன். அந்தத் தண்ணீரில் நான் எண்ணி முடிக்க முடியாத அளவுக்குப் புழுக்கள் இருந்தன. என் முதல் கணக்கெடுப்பு அந்தத் தெருவை உண்மையைவிடச் சுத்தமானதாகக் காட்டியிருந்தது. காய்ச்சல் எங்கே வளர்கிறதோ அந்த வீடுகளை, ஆள் இல்லாத நேரத்தில் போனேன் என்ற ஒரே காரணத்தால், நானே கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன்.

இதன் பிறகுதான் 1854-ஆம் ஆண்டு லண்டன் பிராட் தெரு காலரா பற்றிய பாடம் எனக்கு வேறாகத் தெரிந்தது. அந்தத் தெருவின் அடிகுழாய்த் தண்ணீரால்தான் நோய் பரவுகிறது என்று கருதிய மருத்துவர் ஜான் ஸ்னோ, அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, அவர் சாகாதவர்களையும் தேடிப் போனது. அதே தெருவின் மதுத் தொழிற்சாலையில் வேலை செய்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. சொந்தக் கிணறு வைத்திருந்த ஏழையர் விடுதியில் 535 பேரில் இறந்தவர்கள் ஐவர் மட்டுமே. ஸ்னோவின் கருத்தை ஏற்காமல் அதைப் பொய்யென்று காட்டப் புறப்பட்ட ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரோ, ஒரே வீட்டுக்குப் பலமுறை போய், தப்பிப் பிழைத்தவர்களிடமும் அந்தத் தண்ணீரைக் குடித்தார்களா என்று விசாரித்து, முடிவில் ஸ்னோ சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். கதவு திறக்கும்வரை திரும்பத் திரும்பப் போன அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

நீல டிரம் வீட்டுக்கார அக்காவிடம், வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொன்னேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரக் கணக்கு. இதையெல்லாம் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரிம்மா, கொட்டிடறேன். அடுத்த லாரி வர்ற வரைக்கும் புள்ளைங்களுக்கு எதைக் குடுக்கறது?" என்றார். கேள்வியில் கோபம் இல்லை. நான் தலை குனிந்தேன். கூட வந்த பணியாளர் அக்காதான், இரண்டு டிரம்களில் ஒன்று தீர்ந்த நாளில் அதைத் தேய்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும்படியும், பழைய வேட்டியை நான்காக மடித்து டிரம்மின் வாயில் இறுகக் கட்டும்படியும் சொல்லி, தானே ஒன்றைக் கட்டியும் காட்டினார்.

1939-இல் அன்றைய சென்னை மாகாணம் இயற்றிய பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அத்தகைய முதல் சட்டம். தேர்வுக்காக அதை ஒருமுறை படித்திருந்தேன். அந்த மாலைக்குப் பிறகு மறுபடி எடுத்துப் படித்தபோது, கொசு ஒழிப்பும் குடிநீர் வழங்கலும் அதே சட்டத்துக்குள் இருப்பதைக் கவனித்தேன். மக்களுக்குப் போதுமான குடிநீர் கிடைக்கச் செய்வது உள்ளாட்சியின் கடமை என்று எழுதியவர்களுக்கு, டிரம் ஏன் நிரம்பி நிற்கிறது என்பது தெரிந்தே இருந்திருக்கும். டிரம்மைக் கழுவச் சொல்லி ஒரு தாயிடம் போய் நிற்பவள், அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஏன் தினமும் கிடைப்பதில்லை என்று ஊராட்சி அலுவலகத்திலும் போய்க் கேட்க வேண்டியவள் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு, தண்ணீர் வரும் இடைவெளிக்கும் வீடுகளில் காணப்படும் கொசுப்புழுவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த திட்டத்தில், பூட்டியிருக்கும் வீட்டுக்கு வேறு வீட்டை மாற்றாமல் வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை செல்வது, அவற்றில் ஒன்று மாலை ஏழு மணிக்குப் பிறகு என்று எழுதியிருக்கிறேன். புதிய டார்ச் ஒன்றும் வாங்கிவிட்டேன்.