அலர்ஜிப் பாடத்தைக் கடிகாரம் வெச்சுப் படிங்க

லேப் டெக்னீஷியன் படிக்கிறவங்களை அலர்ஜிப் பாடம் குழப்புறதுக்குக் காரணம் இருக்குதுங்க. புத்தகத்துல ஈஸ்னோபில், பேசோபில்ங்கிற வெள்ளையணுக்களுக்கு ஆளுக்கொரு பத்தின்னு செல் வாரியா போட்டிருப்பாங்க. வைவாங்கிற வாய்மொழித் தேர்வுல கேக்குறது "எது முன்னால, எது பின்னால?" ஈரோட்டுல படிச்சப்ப எனக்குக் கைகொடுத்தது நேர வரிசைதான். உதாரணத்துக்கு எங்க காட்டு வரப்புலயே பார்த்தீனியம்ங்கிற களைச்செடி நின்னுச்சு.

முதல் தடவை மகரந்தம் மூக்குல ஏறும்போது ஒண்ணும் ஆகாது. காவல் பார்க்கிற டென்ட்ரிடிக் செல் அதைப் பிடிச்சு, எதிர்ப்பை நடத்துற டி செல்லுக்குக் காட்டும். அந்த டி செல் டிஎச்-2ங்கிற வகையா மாறி, ஐஎல்-4ங்கிற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். அதனால பி செல் வழியா ஐஜிஇங்கிற எதிர்ப்புப் புரதம் உண்டாகி, மாஸ்ட் செல், பேசோபில் மேல போய் ஒட்டிக்கும். மறுபடி அதே மகரந்தம் வந்தா, சில நிமிஷத்துல அந்த செல்கள் ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தைக் கொட்டும். தும்மல், கண் அரிப்பு எல்லாம் அப்பதான். ஈஸ்னோபில் கூட்டம் சேர்றதுக்குச் சில மணி நேரம் ஆகும், அதை வளர்த்து அனுப்புறது ஐஎல்-5. அது விடுற புரதம் நம்ம திசுவையே புண்ணாக்கும். காலையில மூச்சு இழுத்த ஆஸ்துமாக்காரருக்குச் சாயங்காலம் மறுபடி இழுக்கிறது இதனாலதான்.

அதே செடியை வெறுங்கையில பிடுங்குறவங்களுக்குத் தோல்ல வர்ற அரிப்புப் புண் வேற கதை. அதை முக்கியமா நடத்துறது டி செல். பொதுவா 48-லிருந்து 72 மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும். அலர்ஜி வகைகள்ல மகரந்தத் தும்மல் முதல் வகை, இது நான்காம் வகை. ஒரே செடியை வெச்சு ரெண்டையும் எழுதிடலாம்.

பிராக்டிகலுக்கு வாங்க. மாஸ்ட் செல்லை ஸ்மியர்ல, அதாவது கண்ணாடித் தகட்டுல தேய்ச்ச ரத்தத்துல, தேடாதீங்க, அது திசுவுல இருக்குது. லீஷ்மன் சாயத்துல ஈஸ்னோபில் துகள் ஆரஞ்சுச் சிவப்பு, உட்கரு பெரும்பாலும் ரெண்டு மடல். பேசோபில்ல கருநீலத் துகள் உட்கருவையே மறைச்சிடும். வெள்ளையணுக்கள்ல அது 1 சதவீதத்துக்கும் குறைவு. 100 செல் எண்ணியும் ஒண்ணுகூடத் தட்டுப்படலைன்னா பதறாதீங்க.

சதவீதத்தோட நிறுத்தாம ஈஸ்னோபிலோட மொத்த எண்ணிக்கையும் போடுங்க. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல வெள்ளையணு 8,000, ஈஸ்னோபில் 10 சதவீதம்னா 800. 500-க்கு மேலனா அதிகம். உடனே அலர்ஜின்னு சொல்லிட்டா எக்ஸாமினர் விடமாட்டார். கொக்கிப்புழு இருந்தாலும் ஏறும், செருப்பில்லாம வயல்ல இறங்குற ஊர்ல அதையும் சொல்லணுமுங்க.

நோயாளி என்ன மாத்திரை சாப்பிடறார்ங்கிற கேள்வியும் வரும். ஸ்டீராய்டுன்னா ஈஸ்னோபில் இறங்கிடும். செட்ரிசின் ஹிஸ்டமின் ஏற்பியை அடைக்கிற மருந்து. அதைப் போட்டவர்கிட்ட ஸ்டீராய்டு மாதிரி எண்ணிக்கை சரியும்னு எதிர்பார்க்காதீங்க. ஆனா தோல்ல ஊசி குத்திப் பார்க்கிற அலர்ஜி டெஸ்டைக் கெடுத்துடும், அதனாலதான் அதுக்குச் சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்றாங்க.