ஆறு காதுக்கு ஒரு மிக்ஸர்

லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இசைக்குழு பயிற்சி எடுக்க ஒழிகிற நேரம் இரவுதான். அடுத்த காம்பராவில் இருப்பவரோ விடிந்ததும் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர். ஸ்பீக்கர் போட்டால் சண்டைதான். அதனால் கீபோர்ட், ஒக்டபேட் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவி), இரண்டு கிட்டார், இரண்டு மைக் எல்லாம் ஒரு மிக்ஸர் (சத்தங்களைக் கலக்கும்) பெட்டிக்குள் போய், ஆறு பேரும் ஹெட்போனில் கேட்கும் ஏற்பாடு. (தப்பும் உறுமியும் இந்தக் கணக்கில் வராது. அவற்றை எந்த ஹெட்போனுக்குள்ளும் அடைக்க முடியாது.)

சாதாரண மிக்ஸரின் ஹெட்போன் துளையில் ஆறு கிளை பிரித்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பாடுகிறவருக்குத் தன் குரல் தூக்கலாக வேண்டும். ஒக்டபேட்காரருக்கு அதே குரல் இடைஞ்சல். ஆளுக்கொரு கலவை வேண்டும் என்றால் ஆறு பெருக்கல் ஆறு, 36 குமிழ் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு). இதில் ஒரே ஒரு சட்டம்தான்: ஒருவர் கை பட்டது இன்னொருவர் காதுக்குத் தெரியக்கூடாது.

இந்தச் சட்டம் முதலில் உடைவது உள்ளே வரும் பக்கத்தில். கிட்டார் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதியில்) 10 கிலோ ஓம் குமிழ் ஆறை நேராகத் தொங்கவிட்டால், அதன் மேல் விழும் சுமை இரண்டு கிலோ ஓமுக்கும் கீழே போய்விடும். சத்தம் இறங்கும், கூர்மை செத்துவிடும். போதாததற்கு ஒருவர் குமிழைத் திருப்பும்போதெல்லாம் அந்தச் சுமை மாறுவதால், மற்ற ஐவருக்கும் கிட்டார் ஏறி இறங்கும். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பஃபர் (சுமையைத் தானே தாங்கி, சத்தத்தை அப்படியே கடத்தும் சுற்று) வைத்தால் தீரும். கிட்டார் பஃபரின் உள்வாய் 1 மெகா ஓம் இருக்கட்டும்.

பஃபருக்கு எந்த ஐசி (ஒரு சுற்றையே அடக்கிய சில்லு) என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். எல்லாரும் குமிழை முழுக்கத் திறந்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குமிழ் 10 கிலோ ஓம், அதற்குப் பின்னால் கலவைக்குப் போகும் ரெசிஸ்டர் 10 கிலோ ஓம். இரண்டும் இணையாக நிற்பதால் சேர்ந்து 5 கிலோ ஓம். அப்படி ஆறு இணையாக நின்றால் சுமார் 833 ஓம். 5532 என்ற ஐசி இதைத் தாங்கும், 600 ஓம் வரை ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. 072 என்ற ஐசிக்கு 2 கிலோ ஓமுக்குக் கீழே போனால் மூச்சு வாங்கும். தாளம் உரக்க விழும் இடங்களில் கிழியும். பஃபருக்கும் குமிழ்களுக்கும் நடுவே 47 மைக்ரோஃபெரட் கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் குமிழ் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். ஈரம் ஏறிய பிறகு இன்னும் மோசம்.

குமிழ் வாங்கும்போது ‘ஏ’ எழுத்துப் போட்டதைக் கேளுங்கள். ‘பி’ போட்டது நேர்கோட்டு வகை. பாதியிலேயே சத்தம் முக்கால்வாசி வந்துவிடும், மீதித் திருப்பு வீண்.

ஆறு ரெசிஸ்டரும் ஒவ்வொருவருக்குமான கூட்டல் ஐசியில் (ஆறு சத்தத்தையும் ஒன்றாக்கும் ஐசியில்) போய்ச் சேரும். அவை சேரும் ஐசியின் கால் கிட்டத்தட்ட எர்த் (பூஜ்ய வோல்ட்) மட்டத்திலேயே நிற்பதால், ஒரு குமிழ் மற்றக் குமிழை அசைக்காது. இதற்கு ஒரு விலை உண்டு. ஆறு வரவு சேரும் இடத்தில் ஐசி தன் சொந்த இரைச்சலை 7 மடங்கு, சுமார் 17 டெசிபெல், பெருக்கும். எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று பன்னிரண்டு வரவு வைக்க ஆசைப்பட வேண்டாம். இரவின் அமைதியில், ஹெட்போனுக்குள், அந்த ‘ஸ்ஸ்’ நன்றாகவே கேட்கும்.

32 ஓம் ஹெட்போனை ஓட்ட 5532 போதாது. 70 மில்லிஅம்பியர் தரக்கூடிய 4556 ஐசியை எடுத்து, ஒரு காதுக்கு ஐசியின் ஒரு பாதி, ஆளுக்கு ஒரு ஐசி. வெளிவாயில் 22 ஓம் ரெசிஸ்டரை மறக்காதீர்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கிட்டார் வயரின் மோனோ பிளக்கை ஹெட்போன் துளையில் செருகுவார். அப்போது ஒரு காதின் வெளிவாய் எர்த்தோடு ஒட்டிக்கொள்ளும்; ரெசிஸ்டர் இருந்தால் சேதம் அவரோடு நின்றுவிடும்.

கரண்ட் பக்கம் நகரத்துக் கணக்கு செல்லாது. நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் லயத்தில் மாலையில் 230 வோல்ட் 180க்கு இறங்கினால், 15-0-15 டிரான்ஸ்போமர் (நடுவிலிருந்து இரு பக்கமும் 15 வோல்ட் தருவது), நேர் மின்சாரமாக்கிய பிறகு, ஒரு பக்கத்துக்குச் சுமார் 16 வோல்ட்தான் தரும். வோல்டேஜை 15இல் நிலைநிறுத்தும் 7815 ஐசிக்கு 17 வேண்டும். கிடைக்காதபோது ஆறு பேர் காதிலும் 100 ஹேர்ட்ஸ் ‘ம்ம்’. டிரான்ஸ்போமரை மாற்றாமல் 7812, 7912 (12 வோல்ட்டில் நிறுத்தும் வகை) போட்டு, பக்கத்துக்கு 2200 மைக்ரோஃபெரட் வைத்தால் சமாளிக்கலாம். வோல்டேஜ் ஏறும் நேரத்தில் அந்த இரண்டு ஐசியும் சூடாகும், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் விடக்கூடாது.

பெட்டியை மூடுமுன் ஒரு சோதனை. ஐந்து பேர் ஹெட்போனோடு உட்காரட்டும். ஆறாமவர் எதையும் வாசிக்க வேண்டாம். தன் குமிழ்களை மட்டும் மேலும் கீழும் ஓட்டி, ஹெட்போன் பிளக்கைப் பாதி இழுத்து, மறுபடி செருகட்டும். ஐவருக்கும் ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்டால் ஐசியைக் கழற்ற வேண்டாம், எர்த் கம்பியைப் பாருங்கள். ஹெட்போனிலிருந்து திரும்பும் எர்த்தும் கூட்டல் ஐசியின் எர்த்தும் அநேகமாக ஒரே கம்பியில் போயிருக்கும். இரண்டையும் பிரித்து, பவர் சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர்கள் சந்திக்கும் அந்த ஒரு புள்ளியில் மட்டும் சேர்த்துச் சோல்டர் வையுங்கள்.